சாம்பல் தேய்த்த விரால்கள்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு மீன் பண்ணைக்குப் போய், பத்து விரால்களின் உடம்பில் இருக்கும் வழவழப்பைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்து வர வேண்டும். அதைச் சோதித்தால் மீனுக்கு நோயா, வெறும் பதற்றமா என்று தெரிந்துவிடும். மீனை அறுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எம்.எஸ்சி. முடித்துவிட்டு மீன் துடைக்கப் போவதை அம்மாவிடம் 'ஆராய்ச்சி' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பண்ணைக்காரர் செல்வராசு அண்ணன். அவருடைய மீன்கள் நாலு நாளாகத் தீனியைத் தொடவில்லை. மொத்தக் குளமும் போய்விடுமோ என்று அவருக்கு உறக்கம் இல்லை. தனியாகப் போகும் முதல் வேலை என்பதால் எனக்கும் இல்லை.

அதனால் முந்தின நாளே மூன்று தடவை போன் செய்து, பத்து மீனைப் பிடித்துத் தொட்டியில் விட்டு வைக்கச் சொன்னேன். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் மூன்று தடவை சொன்னேன். என் பொறுப்புணர்ச்சி அப்படி.

"வாங்க மேடம்" என்று நாற்காலி போட்டார்கள். நான் உட்காராமல், கையுறை மாட்டி முதல் மீனைத் தொட்டேன். சொரசொரவென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலாவது மீனில் எனக்கு வியர்த்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத நோய்! மீனுக்கு என்ன ஆயிற்று என்று அண்ணனிடம் கேட்டேன்.

பதில் அவர் மனைவி வசந்தா அக்காவிடமிருந்து வந்தது.

"சுத்தமா இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. சாம்பலும் கல்லுப்பும் போட்டு ஒவ்வொண்ணையும் ஒரசி வச்சிருக்கேன். பொட்டு வழவழப்பு இருக்காது, பாருங்க."

விரால் வாங்கினால் எந்த வீட்டிலும் அதுதான் முதல் வேலை. எங்கள் வீட்டிலும்தான். மூன்று தடவை போன் செய்தவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

எனக்கு வேண்டியதே அந்த வழவழப்புதான் என்று விளக்கினேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. அண்ணன், நான் என்ன படித்திருக்கிறேன் என்று மரியாதையாக விசாரித்தார். சொன்னேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்கு நடந்தார்.

புதிதாகப் பத்து மீன் பிடித்தாக வேண்டும். யாரும் கேட்காமலேயே நானும் உதவிக்கு இறங்கினேன். முதல் விரால் கையை விட்டு நழுவியது. அதை எட்டிப் பிடிக்கப் போய் நான் நழுவினேன். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தபோது, தேடி வந்த வழவழப்பு என் சுடிதார் முழுக்க இருந்தது. குச்சியில் மட்டும் இல்லை.

"பாப்பா, நீ அங்கிட்டு ஏறி நில்லு ஆத்தா. நான் பிடிக்கிறேன், நீ தொட்டுக்க," என்றார் அண்ணன்.

பத்தே நிமிடத்தில் மேடம் பதவி போய்விட்டது.

ஒருவழியாகப் பத்து மாதிரியும் கிடைத்தது. ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறினேன். கூட்டமான பஸ்தான், என் பக்கத்து சீட் மட்டும் கடைசி வரை காலி. ஆய்வகப் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், சாம்பல் உட்பட.

இன்று முடிவு வந்தது. மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. பதற்றம் மட்டும் அளவுக்கு மேல் இருக்கிறதாம்.

உடனே அண்ணனுக்கு போன் செய்து வாசித்துக் காட்டினேன். நோய் இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். முந்தாநாளிலிருந்து மீன்கள் தீனியும் எடுக்கின்றனவாம். பதற்றம் மட்டும் எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன்.

"அது ஒங்கிட்டேருந்து ஒட்டியிருக்கும் பாப்பா."