ராவுத்தரின் கடைவீடும் இரண்டு பூப்பொட்டலமும்

ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவனுக்கு ஆணி அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ரயில்வே ஆள் வந்து அடித்துவிட்டுப் போவான். அந்தச் சுகத்திலேயே ஊறிப்போன ஸ்டேஷனில் டிக்கெட் எழுதிக் கொடுக்கும் கிராணி நான். அதனால், ஜொகூர் பாருவில் உதுமான் ராவுத்தர் தம் பழைய கடைவீட்டை விற்கிறார் என்று என் மனைவி பேச்சியம்மாள் சொன்னதுமே சபதம் எடுத்தேன். தலையே போனாலும் அந்த வீட்டை வாங்குவதில்லை!

சபதம் எடுத்தவன் வீட்டைப் பார்க்கப் போயிருக்கக் கூடாது. அவள் கூப்பிட்டாள், போனேன்.

"கூரையில பாதி ஓட்டக் காணோமே ராவுத்தரே, மழை உள்ள வருமே?"

"வெளிச்சமும் வருதுல்ல, கிராணியாரே!"

"செவுத்துல ஆலங்கன்னு மொளச்சிருக்கு."

"அலமாக்! நெழலுக்குன்னு தனியா மரம் வைக்க வேணாம் லா!" என்றார், மலாய் கலந்து.

மாடிப்படியில் கால் வைத்தேன். படி என் காலோடு கீழே வந்தது.

"பாத்தியா பேச்சி? இது வீடா? கரையானுக்குச் சாப்பாட்டுக் கடை!"

அவள் எங்கே கேட்டாள்? வீட்டுக்கு நடுவே, வானம் தெரியும் சின்ன முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க ஒரு கறிவேப்பிலக் கன்னு வைக்கலாம்."

"அதுக்கு ஒரு வீடா?"

"சிகாமட்டுல வச்சேன், லாபிஸுக்கு மாத்துனாங்க. லாபிஸுல வச்சேன், குளுவாங்குக்கு மாத்துனாங்க. எல்லாத்தையும் இப்ப யாரோ பறிச்சுக் கொழம்பு வைக்கிறாங்க. அடுத்த வருஷம் உங்களுக்குப் பென்ஷன். இப்ப இருக்குற குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். ஒரே ஒரு மரத்தையாவது நான் விட்டுட்டு வராம இருக்கணும்ங்க."

எனக்கு மனசு இளகியது. உடனே அந்தக் கூரையை நினைத்தேன். மனசு மறுபடி கெட்டியாகிவிட்டது.

ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லை. பாரத்தைத் தூக்கி மாரியம்மன் மேல் போட்டேன்.

"பூப்போட்டுப் பாப்போம். ஒரு பொட்டலத்துல வெள்ளப் பூ, இன்னொண்ணுல செவப்பு. பூசாரி எடுக்குறது வெள்ளன்னா வாங்குவோம், செவப்புன்னா வேணாம்."

"சரிங்க. பொட்டலத்த நீங்களே கட்டிருங்க" என்றாள்.

எவ்வளவு கள்ளமில்லாத மனசு என்று எனக்கே பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வெள்ளையும் சிவப்புமாக வாசலில் நின்ற அரளிகளில் பறித்து, வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் சிவப்பு. அம்மனிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

கோயிலில் அய்யாவு பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். எடுக்கக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க பூசாரி" என்றாள் பேச்சியம்மாள். "ஆத்தாவுக்குப் பிடிச்சது செவப்புத்தானே? அவளுக்குப் பிடிச்சது வந்து நாம வேணாம்னு சொன்னா நல்லாருக்குமா? செவப்பு வந்தா வாங்குறோம், வெள்ள வந்தா வேணாம். என்னங்க?"

"அது... மொதல்ல வேற மாதிரியில்ல பேசினோம்?"

"நம்ம ரெண்டு பேருதானே பேசினோம், ஆத்தாகிட்ட இன்னும் சொல்லலியே. எப்படிச் சொன்னா என்ன, பொட்டலத்துல ரெண்டு நெறமும் இருக்குல்ல?"

"ஆ... ஆமா. இருக்கு."

பூசாரி எடுத்தார், பிரித்தார். சிவப்பு! மற்றதையும் பிரிக்கப் போனார். பாய்ந்து பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

"பிரசாதம்!" என்றேன்.

இப்போது நான் ஏணியில் நின்று ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. கீழே முற்றத்தில் பேச்சியம்மாள் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். கன்று புது இலை விட்டிருக்கிறது. அவள் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் இன்னொரு வீட்டுக்கும் ஓடு மாற்றலாம் போலிருக்கிறது. அந்த நெகிழ்ச்சியில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பேச்சி, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான்."

"தெரியும். குவார்ட்டர்ஸ் வாசல்ல வெள்ள அரளியில ஒரு பூகூடக் கொறையலியே."

"மொதல்ல என்னைய ஏன் கட்டச் சொன்ன?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் கட்டியிருந்தா எது வரும்னு ஆத்தாவுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க கட்டுனா எனக்கும் தெரியுமே!"