ஒரு ஸ்பூன் புகை

ஆடுகிற ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, முறுக்கிய துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தார் அவர். கூரையில் இருந்த புகை அலாரம் 'கீ... கீ...' என்று ஊரைக் கூட்டியது.

அதை வாங்கியவர் அவர். மாட்டியவர் அவர். "இது இல்லாத வீடெல்லாம் ஒரு வீடா?" என்று படி ஏறி இறங்கிப் பிரசங்கம் செய்து, மொத்த அபார்ட்மென்ட்டையும் வாங்க வைத்தவரும் அவரே.

ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. சர்வீஸ் முழுக்க ஊரார் வீட்டுத் தீயை அணைத்தவர், இன்று தன் வீட்டு அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, பக்கத்துல வந்துட்டோம். அரை மணி நேரத்துல வீட்ல இருப்போம். அது என்னப்பா சத்தம்?"

"அதுவா... தெருவுல ஆம்புலன்ஸ்ம்மா."

"வீட்டுக்குள்ள கேக்கற மாதிரி இருக்கே?"

"ரொம்பப் பக்கத்துல போகுது."

போனை வைத்தார். அலாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. நாற்றம் நிற்கவில்லை.

போன தடவை மகள் வந்திருந்தபோதும் இப்படித்தான். கரிக்கட்டையாகிப் போன பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தீர்ப்பே வாசித்துவிட்டாள்.

"இதான்ப்பா கடைசி. இன்னொரு பாத்திரம் கருகிச்சு, வீட்டைப் பூட்டி சாவியை நான் எடுத்துப்பேன். நீங்க எங்க கூட வந்துடணும். மறுபேச்சு கிடையாது."

மகள் என்றால் அவருக்கு உயிர்தான். ஆனால் இந்த வீடு? ஜன்னலோர நாற்காலி. இஷ்டத்துக்கு அலறவிடும் ரேடியோ. சாயங்காலமானால் எதிர் பிளாட் பல் டாக்டரம்மாவோடு செஸ். அத்தனையும் இப்போது ஒரு பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் சமையலே மகளுக்காகத்தான். உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, தக்காளி போட்டு ஸ்டூ. அடுப்பில் ஏற்றிவிட்டு, அவள் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று அலமாரித் தூசியைத் தட்டப் போனார். தூசியும் போயிற்று, ஸ்டூவின் அடியும் போயிற்று.

கதவு இடிபட்டது. பல் டாக்டரம்மா. தன் பிளாட்டின் முன்னறையிலேயே கிளினிக் வைத்திருப்பவர். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"சார், உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர். இன்னும் அரை மணி நேரத்துக்கு."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டே டாக்டரம்மா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்பூனால் ஓரத்தைத் தட்டினார்.

"ம்... வேர் வரைக்கும் போயிருக்கு. மேலாப்ல இருக்கறதைக் காப்பாத்திடலாம். வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. அடியை மட்டும் தொடாதீங்க."

"நாத்தத்துக்கு என்ன பண்றது?"

"நாத்தத்துக்கு ஒரு காரணம் குடுத்துட்டாப் போச்சு!"

போன வேகத்தில் ஒரு சிவப்பு டப்பாவோடு திரும்பினார். டாக்டரம்மா வீட்டுச் சமையலறையில் உலகத்தில் உள்ள எல்லா டப்பாவும் உண்டு; சமையல் மட்டும் கிடையாது.

"ஸ்மோக்டு பாப்ரிகா. மிளகாயை மரப்புகையில காய வெச்சு அரைச்ச பொடி. காரம் பேருக்குத்தான். வாசனையைப் பாருங்க."

அதிகாரி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மரக்கடைத் தீ. அணைச்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

"அதேதான்! பொண்ணு வந்து 'என்னப்பா புகை நாத்தம்'னு கேட்டா, 'சமையலே அந்த ரகம்தாம்மா'ன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு ஸ்பூன். வலிக்கவே வலிக்காது. நான் வரேன் சார், ஒருத்தர் திறந்த வாயோட உக்காந்திருக்கார்."

எண்ணெயை நன்றாகக் காய வைத்து அதிகாரி ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டார். அந்தப் பொடி கொதிக்கிற எண்ணெயைத் தாங்காது என்பதை டாக்டரம்மா சொல்லவில்லை. கண் சிமிட்டுவதற்குள் கறுத்துவிட்டது. பதறிப்போய் அதை அப்படியே ஸ்டூவில் கவிழ்த்தார். ருசி பார்த்தார். கசப்பு, நாக்கின் நுனியில் தொடங்கி காது வரை போயிற்று.

சர்க்கரை போட்டார். இருமல் மருந்து போல ஆயிற்று.

'நிறமாவது வரட்டும்' என்று டப்பாவைத் தட்டினார். மூடியோடு பாதி டப்பா உள்ளே விழுந்தது. மூடியை மீட்டார், பொடியை மீட்க முடியவில்லை. ஸ்டூ, தீயணைப்பு வண்டியின் சிவப்புக்கு வந்து நின்றது.

தண்ணீர் விட்டார். நீர்த்துப் போனதால் இருந்த உருளைக்கிழங்கை எல்லாம் வேக வைத்து மசித்துப் போட்டார். கெட்டியானதால் பால் விட்டார். பாத்திரம் பொங்கியதால் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினார். அதுவும் போதாமல், வீட்டிலேயே பெரிய அண்டாவைப் பரண் மேலிருந்து இறக்கினார். ஒரு ஸ்டேஷனே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

காலிங் பெல்.

மகள் உள்ளே வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை. அவள் மூக்கு ஒரு முறை விடைத்தது.

"ஸ்மோக்டு பாப்ரிகாம்மா!" கேட்காமலேயே ஒப்பித்தார் அதிகாரி. "சமையலே அந்த ரகம். புகை வாசனை வந்தாதான் பக்குவம்னு அர்த்தம்."

"நல்லா இருக்குப்பா."

அவ்வளவுதான். பாத்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை. அடுப்பை ஆராயவில்லை. கைதியிடம் கடைசி ஆசையைக் கேட்க வந்த ஜெயிலர் போல இதமாகச் சிரித்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் ஒரு வாய் வைத்தாள். கண் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"சூப்பர்ப்பா. இன்னும் கொஞ்சம் போடுங்க."

"இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்பா... இந்த லிஃப்ட்ல பீரோ போகுமா?"

அதிகாரியின் ஸ்பூன் பாதியில் நின்றது. "ஏம்மா?"

"சும்மாதான். பின் ரூம் கட்டிலை முழுசா வெளியே கொண்டு போக முடியுமா, பிரிக்கணுமா?"

"அது பாட்டுக்கு அங்க இருக்கு. எதுக்கு அதைப் பிரிக்கணும்?"

மாப்பிள்ளையின் போன் அடித்தது. எழுந்து ஜன்னலோரம் போய்க் கிசுகிசுத்தார். "ஒரு பத்து நிமிஷம் அண்ணே. இன்னும் பேச்சையே எடுக்கல."

புரிந்துவிட்டது. எல்லா ஏற்பாட்டோடும் வந்திருக்கிறார்கள். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தாக்குதல் ஒன்றுதான் வழி.

"எனக்கு இங்க ஒரு குறையும் இல்லம்மா. தினமும் இப்படித்தான் வகை வகையா சமைக்கறேன். சொல்லப்போனா தனியா இருந்தாதான் எனக்குக் கையே ஓடுது."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பக்கத்துல ஒரு ஆள் நின்னாலே உப்பு கூடிப் போயிடுது!"

மகளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கண் கலங்கியிருந்தது. பாப்ரிகாவின் வேலை என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி.

"அதில்லப்பா..." என்று அவள் ஆரம்பித்தாள். தண்ணீர் குடித்தாள். "இன்னும் கொஞ்சம் ஸ்டூ போடுங்க."

மூன்றாம் முறை! வெட்டப்போகிற கைக்குக்கூட இத்தனை இரக்கம் இருக்காது.

மறுபடியும் காலிங் பெல். மாப்பிள்ளை பாய்ந்து எழுவதற்குள் அதிகாரியே கதவைத் திறந்தார். காக்கிச் சட்டையும் கழுத்தில் துண்டுமாக ஒரு லாரி டிரைவர்.

"எவ்வளவு நேரம் சார் நிக்கறது? வழியை மறிக்கறேன்னு ஆளாளுக்குச் சண்டைக்கு வர்றாங்க. வேலையை ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?"

அதிகாரி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தெருமுனையில் தார்ப்பாய் போர்த்திய பெரிய லாரி ஒன்று, முன் சக்கரத்தைத் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

அவருடைய தோள் இறங்கிவிட்டது.

"சரிம்மா, தோத்துட்டேன். பாத்திரம் கருகினது வாஸ்தவம். அலாரத்தோட பேட்டரி என் சட்டைப் பையிலதான் இருக்கு. தெருவுல ஆம்புலன்ஸும் வரல, ஒண்ணும் வரல. நீ மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டியே, அதுவும் சமையல் இல்ல, விபத்து."

"ஐயோ, அப்பா..."

"வேண்டாம்மா. சொன்ன பேச்சு சொன்ன பேச்சுதான். நான் கிளம்பறேன்." டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏத்துங்கப்பா. முதல்ல அந்த ஜன்னலோர நாற்காலியை எடுத்துக்குங்க. பாத்து, ஒரு கால் ஆடும்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"ஏத்தறதுக்கு வண்டியில இடம் ஏதுங்க ஐயா? இவங்க குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு மொத்தச் சாமானையும் ஏத்திட்டு வந்து, 'அப்பா, உங்க வீட்ல எங்களையும் சேர்த்துக்கறீங்களா'ன்னு உங்ககிட்ட கேக்க பயந்துகிட்டு, என்னைத் தெருமுனையில நிக்க வெச்சுட்டு இங்க வந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க!"