மாப்பிள்ளை தட்டுவது எதற்காக

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அண்ணியும், என் மூட்டுவலியையும் அவள் வாயையும் தவிர்த்து, சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பக்கவாதம் வந்து பேச்சு போன மாப்பிள்ளை, நீ வாயைத் திறந்தாலே கட்டில் கம்பியில் விரலால் தட்டுகிறார், உன் குரலே அவருக்கு எரிச்சலாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அதனால் பேசுவதையே நிறுத்திவிட்டாயாம். முதல் தேதி அவரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற விடுதியில் விட்டுவிடலாம் என்று உன் பையன் சொன்னதற்குத் தலையாட்டியும் விட்டாயாம். அட அசடே! கொஞ்சம் பொறு. அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவருக்குப் பேச்சு இல்லை. இன்னொருவன் ஆறு வருஷமாக அவரோடு பேசுவதில்லை.

நாங்கள் இருவரும் அச்சகத்தில் பிழை பார்த்தது உனக்குத் தெரியும், எப்படிப் பார்த்தோம் என்று தெரியாது. கல்லூரிப் பிள்ளைகளுக்காக எங்கள் முதலாளி பழைய இங்கிலீஷ் நாவல்களை மறுபடி மறுபடி அச்சடிப்பார். மாப்பிள்ளை மூலப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார், நான் எதிரே உட்கார்ந்து ப்ரூப் தாளில் பென்சிலை நகர்த்திக்கொண்டே போவேன். ஒரு கமாவைக் கூட விடமாட்டார். 'டார்லிங் கமா ஐ கேனாட் லிவ் வித்தவுட் யூ ஆச்சரியக்குறி' என்று வாசிக்கும்போது அவருக்கே கண் கலங்கும், ஆனா ஆச்சரியக்குறி மட்டும் கரெக்டா வந்துடும். அந்த நாவல்கள்ல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'செட்'னு ஒரு வார்த்தை சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். செட் ஹீ, செட் ஷீ. அவன் சொன்னான், அவள் சொன்னாள். கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டாலும் செட், மாட்டேன்னாலும் செட், உயிர் போறப்ப கடைசி வார்த்தை சொன்னாலும் அதே செட். ஒரு அத்தியாயத்துல இருநூறு வரும். வாசிச்சு வாசிச்சுத் தொண்டை கட்டிப்போய், ஒருநாள் மாப்பிள்ளை அந்த வார்த்தைக்குப் பதிலா மேஜையில ஒரு தட்டு தட்டினார். எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னியிலேர்ந்து அவர் ஒரு தட்டு தட்டினா 'சொன்னார்'. நான் ரெண்டு தட்டு தட்டினா, நில்லுங்க, தப்பு இருக்கு. எங்க அறைக்கு மேனேஜர் தச்சுப்பட்டறைன்னே பேர் வச்சுட்டார்.

சில எழுத்தாளனுங்க இருக்கானுங்க, வெறும் 'செட்' போட வெட்கப்படுவானுங்க. கர்ஜித்தான், கதறினாள், பெருமூச்செறிந்தபடி பகர்ந்தான்னு போடுவானுங்க. அதுக்கெல்லாம் தட்டு கிடையாது, முழுசா வாசிச்சே ஆகணும். மாப்பிள்ளைக்குக் கோவம் வந்துடும். "இவனுக்குத் தன் ஆளுங்க பேச்சு மேலயே நம்பிக்கை இல்ல மச்சான். நல்லா எழுதுறவன் 'சொன்னான்'னு மட்டும்தான் போடுவான். சொன்னது காதுல கேக்கும்"பார். இப்ப அந்த அறை ஜெராக்ஸ் கடையாயிடுச்சாம். அந்த மைவாசனையும், மத்தியானத்துல அவர் குரலும், நடுநடுவுல அந்தத் தட்டும்... எனக்கு வேறென்ன சொர்க்கம் வேணும், சொல்லு.

இந்த வியாதி எனக்கும் உண்டுங்கறதை மறைக்க விரும்பல. ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகாம பழைய நாவல் ஒண்ணை எடுத்து, வாசிக்கற வேலையும் என் தலையிலயே விழுந்ததால, நானே வாசிச்சு நானே தட்டினேன். உன் அண்ணி டீக்குத்தான் தட்டறேன்னு நெனச்சு முதல் அத்தியாயத்துல மூணு டம்ளர் கொண்டாந்து வச்சா, நாலாவது தட்டுக்கு "நான் என்ன உங்க ஓட்டல் சர்வரா?"ன்னு கரண்டியோட வந்து நின்னா, கீழ் வீட்டுக்காரர் சீலிங்ல யாரோ ஆணி அடிக்கறாங்கன்னு சண்டைக்கு ஏறி வந்தார், அவர் கத்தி முடிச்சதும் கை சும்மா இருக்காம நான் கதவுல ஒரு தட்டு தட்டிட்டேன், அவர் அதுக்கும் ஒரு மூச்சு கத்தினார், அதுக்கும் ஒண்ணு தட்டினேன். கடைசியில என் பையன் நரம்பு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனான். டாக்டர் "நாக்க நீட்டுங்க"ன்னார். தட்டினேன். "ஏன் தட்டறீங்க?"ன்னார். அதுக்கும் தட்டினேன். மாத்திரை எழுதிக் குடுத்துட்டார்.

இப்பவாவது புரியுதா? நீ பேசி முடிச்சதும் அவர் தட்டறது எரிச்சல் இல்லம்மா. 'அவள் சொன்னாள்'. அவ்வளவுதான். ஞாபகம் இருக்கா, நான் அவரை முதல்முதலா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு நீ மூச்சு விடாம பேசினே. அவர் நாற்காலிக் கையில தட்டிக்கிட்டே இருந்தார். "என்னண்ணே, பாகவதரா? தாளம் போடறார்"னு உள்ளே வந்து சிரிச்சே. நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், என் தங்கச்சி சொல்றதுல ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாதுன்னு நெனக்கற மனுஷன் இவர்தான்னு. முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் அதைத்தான் பண்றார். நீ வாயை மூடிக்கிட்டா அவர் எதுக்குத் தட்டுவார்? பேசு. பால்காரன் வரலைன்னாவது சொல்லு.

இதனால் நான் அவரோடு சமாதானமாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். கடைசிப் புத்தகத்தில், சாகிற பெண் "என்னை மன்னித்துவிடு" என்கிற இடத்தில் 'செட் ஷீ' விட்டுப்போய், அவள் பேச்சு கதாநாயகன் வாயில் ஒட்டிக்கொண்டதும், ஒரு பிள்ளை பரீட்சையில் அவன் ஏன் மன்னிப்புக் கேட்டான் என்று இரண்டு பக்கம் எழுதிவைத்ததும் உனக்குத் தெரியும். முதலாளி முன்னால் மாப்பிள்ளை "நான் தட்டினேன்" என்றார், பழி என் தலையில் விழுந்தது. அவர் தட்டவில்லை. இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அவர் ஒப்புக்கொள்ளும்வரை உங்கள் வாசற்படியை மிதிக்கமாட்டேன்.

உன் பிள்ளைக்கு என் ஆசி. விடுதிக்காரர்களுக்கு இடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: தபாலில் போடும் முன் பழக்கதோஷத்தில் இதைச் சத்தமாக வாசித்துப் பிழை பார்த்தேன். 'அவர் தட்டவில்லை' என்கிற இடம் வந்ததும் என் விரல் ரெண்டு தட்டு தட்டிடுச்சு. தப்பு. அன்னிக்கு அவர் தட்டினார். சாப்பிட்ட மயக்கத்துல நான்தான் கண்ணசந்துட்டேன். அந்தத் தட்டுச் சத்தத்துலதான் முழிச்சேன். என்ன விட்டுப்போச்சுன்னு கேக்க வெட்கமா இருந்துது. வாசற்படி வரியையும் அடிச்சிருக்கேன், ஓரத்துல நீக்கல் குறி பாரு. ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்கு முன்னாடி அவர் பக்கத்துல உக்காந்து இந்தக் கடிதத்தை முழுசா, சத்தமா வாசி. ரெண்டு தட்டு தட்டினா, நான் இன்னும் எதையோ மறைக்கறேன்னு அர்த்தம். ஒரு தட்டு தட்டினா, 'மச்சான் சொன்னான்'. எனக்கு அது போதும்.