கணக்கு வாத்தியாருக்கு நிழல் இல்லை

கணக்கு வாத்தியார் ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. விளையாட்டு வாத்தியாரான விசில் மாஸ்டர் முன்னால் நடக்க, அவருக்குப் பின்னால் ஆறேழு பிள்ளைகள் கையில் அட்டையும் பேனாவுமாக ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போன இரட்டைப் பின்னல் அவர் பெற்ற மகள்.

"சார், எக்ஸ் எவ்வளவு சார்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னவா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் வாத்தியார்.

எல்லாம் அந்தப் புதுப் பாடத்தால் வந்த வினை. பள்ளிக்கூடத்தை முடித்த பிறகு என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று மேல்வகுப்புப் பிள்ளைகளைத் தயார் செய்ய மேலிடத்திலிருந்து இறக்கிவிட்ட பாடம். 'நாளை நான்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு. பொறுப்பைப் பூகோள டீச்சரிடம் கொடுத்தார்கள். அது போகட்டும். பாடத்துக்கு நேரம் வேண்டுமே, எந்தப் பீரியடில் கை வைத்தார்கள்? கணக்குப் பீரியடில்!

அந்த ஆத்திரத்தில், ஆசிரியர் கூட்டத்தில் பூகோள டீச்சர் விளக்கிய நேரம் முழுக்க அவர் தலையைத் தூக்காமல் விடைத்தாள் திருத்தினார். அரைகுறையாகக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: பிள்ளைகள் ஒவ்வொருவரும் வேலை பார்க்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பின்னாலேயே நிழல் மாதிரி சுற்ற வேண்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நிழல் வாரம் என்று பெயர்.

சில பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் பஸ் டிப்போவுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்தவர்கள் மொத்தமாக விசில் மாஸ்டர் பின்னால் போனார்கள். கணக்கு வாத்தியாருக்கு ஒரு நிழல்கூட இல்லை. வெயிலில் நடந்தால் விழுமே, அதோடு சரி.

"மைதானத்துல உனக்கு என்ன வேலை?" என்று அன்று மாலை வீட்டில் மகளைக் கேட்டார்.

"விசில் மாஸ்டருக்கு நான்தான்பா நிழல்."

"ஏன், அப்பன் ஒருத்தன் அதே ஸ்கூல்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்த வாரம் வேண்டாம்பா. சொன்னாக் கேளுங்க."

"ஏன் வேண்டாம்?"

"அதச் சொல்லக் கூடாதுப்பா. சொன்னா மார்க் போயிடும்."

"சொல்லக் கூடாத அளவுக்கு அந்த விசில்ல அப்படி என்ன இருக்கு?"

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "என்னங்க, நெஞ்செரிச்சல்னா சொல்லுங்க, கடையிலேர்ந்து மாத்திரை கொண்டாரேன். வயித்தெரிச்சலுக்கு இன்னும் சரக்கு வரல" என்றாள்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் தன்னைப் போலவே கணக்கு வாத்தியாராக வேண்டும் என்றெல்லாம் அவர் பிடிவாதம் பிடித்ததில்லை. ஆனால் அப்பா பார்ப்பது ஒரு நல்ல வேலை என்று அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நினைத்தால் போதும் என்று இருந்தது. இப்போது பார்த்தால், விசில் ஊதுகிற வேலை அவள் கண்ணுக்கு உசத்தியாகப் போய்விட்டது. வயிறு பற்றித்தான் எரிந்தது.

மறுநாள் பதினோராம் வகுப்பில் அறிவித்தார். "யாரு எனக்கு நிழலா வர்றீங்களோ, அவங்களுக்கு இந்த வாரம் வீட்டுக்கணக்கு கிடையாது."

மகள் குனிந்துகொண்டாள். கடைசி பெஞ்சிலிருந்து இரண்டு பையன்கள் எழுந்தார்கள். வீட்டுக்கணக்கு என்ற ஒன்றை அதுவரை செய்தே அறியாத பிள்ளைகள். ஆனாலும் நிழல் நிழல்தானே என்று வாத்தியார் சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் கேட்ட கேள்விகள் அவரை உருக்கிவிட்டன.

"சார், உங்க வேலையில எது சார் ரொம்பக் கொடுமை?"

"வருஷா வருஷம் அதே கணக்கப் போட்டுப் போட்டு மூளை மரத்துப் போயிடாதா சார்?"

"போதும்டா சாமின்னு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிடலாம்னு எப்பவாச்சும் தோணியிருக்கா சார்?"

கட்டின மனைவிகூட இத்தனை அக்கறையாக விசாரித்ததில்லை. வாத்தியார் மனம் விட்டுப் பேசினார். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறுவதைச் சொன்னார். நின்று நின்று காலில் நரம்பு புடைத்துக்கொண்டதைச் சொன்னார். பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கியும் காட்டினார். பையன்கள் உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதினார்கள்.

மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க அவர் கால் நரம்புதான் பேச்சு. வராந்தாவில் எதிரே வந்த மகள், பள்ளியில் எப்போதும் கூப்பிடுவது போல "சார்" என்று கூப்பிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏம்ப்பா மானத்த வாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போனது மைதானத்துக்கு.

இனி வேரிலேயே கை வைக்க வேண்டியதுதான் என்று வாத்தியார் முடிவு செய்தார். மைதானத்தில் ஆள் இருந்தால்தானே விசில்? தலைமையாசிரியையிடம் போய், பாடம் முடியவில்லை என்று மூக்கால் அழுது, பதினோராம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடைக் கேட்டு வாங்கித் தேர்வு வைத்தார்.

கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் விசில் மாஸ்டர் வந்து நின்றார். பின்னால் அவருடைய நிழல்கள், அட்டையும் பேனாவுமாக.

"என் பீரியட நீங்க எடுத்துட்டீங்களாமே சார். எனக்கு வேலை இல்ல. நான் எங்க உக்காறேனோ அங்கதான் இதுங்களும் உக்காரணுமாம். உள்ள வரலாமா?"

வேண்டாம் என்றால் வகுப்பே பார்க்கும். "வாங்க, வாங்க" என்றார் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு.

விசில் மாஸ்டர் கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு குடுங்க சார், பாப்போம்" என்று ஒரு கேள்வித்தாளையும் வாங்கிக்கொண்டார். முதல் கணக்கைப் பார்த்து, "ஐயோ, இன்னும் இத நடத்தறாங்களா!" என்று வாய்விட்டு அலறினார். இரண்டாவது கணக்கில் பேனாவைக் கடித்தார். மூன்றாவது கணக்கில் தூங்கிவிட்டார். குறட்டை வந்தது. குறட்டைக்கு நடுவே, கழுத்தில் தொங்கிய விசில் எப்படியோ வாய்க்குள் போய் லேசாக ஊதியது.

வகுப்பே குலுங்கியது. அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணக்குத் தேர்வில் அவள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு சிரிப்பை அவள் வைத்திருந்தாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

சரி, மைதானம்தான் பிடிக்கிறது என்றால் கணக்கையே மைதானத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பினார் மனுஷர்.

வியாழக்கிழமை நீளம் தாண்டும் மணல்குழிக்குப் பக்கத்தில் வகுப்பை நிறுத்தினார். ஒருவன் ஓடி வந்து தாண்டும்போது காற்றில் அவன் போகும் பாதை எப்படி ஒரு வளைவு ஆகிறது என்று விளக்கினார். சுவாரசியமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கேட்டார்கள். மகளும் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தாள். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"இப்ப நானே தாண்டிக் காட்டறேன்" என்றார்.

"சார், வேண்டாம் சார், கொஞ்சம் உடம்ப வார்ம் பண்ணிட்டு..." என்று விசில் மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார்.

விசில் சொல்லி நான் கேட்பதா என்று வாத்தியாருக்கு வேகம் இன்னும் கூடியது. ஓடினார். எழும்பினார். வளைவு பாதி வரை நன்றாகத்தான் வந்தது. மீதிப் பாதியில் தொடையில் ஏதோ 'சுளுக்'கென்று பிடிக்க, மணலில் முகம் குப்புற விழுந்தார்.

அடுத்த நிமிஷம் அவர் விசில் மாஸ்டரின் தோளில் மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துக்கங்க புள்ளைங்களா" என்று விசில் மாஸ்டர் நடந்துகொண்டே பாடம் நடத்தினார். "இந்த வேலையில இப்படி ஆளத் தூக்கறதும் சேத்திதான். சில ஆளு கனமா இருப்பாங்க."

நிழல்கள் வரிசையாக வந்து விறுவிறுவென்று எழுதின. தலைகீழாகத் தொங்கிய வாத்தியார் கண்ணுக்கு முதலில் பட்டது மகள். அவள் மற்றவர்களைவிட வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதடி" என்றார். வாயில் மணல் இருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

தொடைக்குக் கட்டு போட்டுக்கொண்டு நேராகப் பூகோள டீச்சரிடம் போனார். நொண்டிக்கொண்டு போனாலும் வேகமாகத்தான் போனார்.

"டீச்சர், நான் வாத்தியாரா வரல. ஒரு புள்ளையப் பெத்த அப்பனா வந்திருக்கேன். வெயில்ல நின்னு நின்னு என் பொண்ணு கறுத்துப் போச்சு. நாளைக்கு அவள எனக்கு நிழலா மாத்துங்க. அவள மட்டும் மாத்தினா நல்லா இருக்காது, அந்த விசில் பின்னாடி போற எல்லாரையும் மாத்துங்க."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வாரத்துக்கா சார்?"

"இந்த வாரத்துக்குத்தான்."

"உங்க பொண்ணையுமா?"

"அவளத்தான் முதல்ல."

"சார், இதுல நான் ரொம்பப் பேசக் கூடாது. ஆனா நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

ஓஹோ, இவளும் அந்த விசில் கட்சிதான் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். "பெத்தவங்க கேட்டா மாத்தலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"மாத்தலாம். மாத்திட்டா மாத்தினதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"வந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்றார் வாத்தியார்.

வீட்டில் மகள் விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. அவர் பதில் சொல்லும்முன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசிலைப் பிரிகிற துக்கமாக்கும் என்று வாத்தியார் உள்ளுக்குள் பொருமினார். நாலு மணி நேரம் தன்னோடு சுற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவருடைய நாள். பின்னால் எட்டு ஒன்பது நிழல்கள், கடைசி பெஞ்சுப் பையன்களும் சேர்த்தி. அவர் நொண்டினால் வரிசையே மெதுவாக வந்தது, அவர் நின்றால் வரிசையே நின்றது. ஒரு வகுப்பு விடாமல் நுழைந்து உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினார். ஒரு கணக்கை மூன்று வழியில் போட்டுக் காட்டினார். மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். கண் சிவந்திருந்தாலும் அட்டையில் எதையோ எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அது போதும் என்று இருந்தது அவருக்கு.

கடைசி மணி அடித்து, பிள்ளைகள் தங்கள் அட்டைகளைப் பூகோள டீச்சரிடம் கொடுக்கப் போனதும், வாத்தியார் வேண்டுமென்றே மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார். விசில் மாஸ்டர் தனியாகப் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், நிழலே இல்லாமத் தனியா நிக்கறீங்க? கஷ்டமா இருக்கா?"

அவர் சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கஷ்டமா? ரொம்ப நன்றி சார்! நாலு நாளா என் மானமே போயிடுச்சு. அத்தனையையும் உங்க தலையில வாங்கிக்கிட்டீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்?"

வாத்தியார் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

"எதை வாங்கிக்கிட்டேன்? என்ன சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க சார், டீச்சர்தான் மீட்டிங்ல சொன்னாங்களே: முதல் வாரம் 'செத்தாலும் இந்த வேலைக்குப் போகமாட்டேன்'ங்கற ஆளு, ரெண்டாவது வாரம் 'போனா இந்த வேலைக்குத்தான்'ங்கற ஆளு, ஒரு ஆள ஒரு தடவைக்கு மேல எடுக்க முடியாதுன்னு. உங்க பொண்ணு ரெண்டாவது வாரத்துக்கு உங்க பேரக் குடுத்து வச்சிருந்தும், எனக்காக அதையே விட்டுக் குடுத்துட்டீங்களே சார்!"