உன் அக்கா தலையில் வெந்நீர் ஊற்றியது பற்றி

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். யாவரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நலமில்லை, மற்றவன் அவளைப் பார்த்துப் பார்த்து நலமில்லை. ஆகவே உன் வீட்டார் நலத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை, உன் அக்கா சிரித்து வெகுநாளாகிறது. சிரிப்பை விடு, சண்டைகூடப் போடுவதில்லை. சலவைக் கடையில் என்னையும் வாடிக்கைக்காரர்களையும் ஒரே குரலில் அதட்டிக்கொண்டிருந்தவள், கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். காப்பி வேண்டுமா என்றாலும் 'ம்', வேண்டாமா என்றாலும் 'ம்'. எதையும் வாயைத் திறந்து கேட்பதில்லை. இரண்டு மூன்று மாத்திரை மாற்றியும் பலனில்லை என்றதும், மனநல டாக்டரம்மா, நமக்கு மகள் வயதுதான் இருக்கும், என்னை உட்காரவைத்து விளக்கினார். மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகச் சில ரசாயனங்கள் உண்டாம், வேலை முடிந்ததும் அவற்றைச் சிதைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறதாம், புது மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடுமாம், ஆனால் நோய்க்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாதாம். இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் ஏறவில்லை.

நொதி என்றால் என்ன என்றேன். என்சைம் என்றார். அட, அவன் நமக்குத் தெரிந்த ஆளாயிற்றே. நம் கடைச் சலவைத்தூள் மூட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்குமே, காலர் அழுக்கையும் ரத்தக் கறையையும் தின்கிற சரக்கு, அதேதான். ஆக, உன் அக்கா தலைக்குள் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு அவள் சந்தோஷத்தைக் கறை என்று நினைத்து வெளுத்துக்கொண்டிருக்கிறான். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அவன் செத்தான் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகுமாம், அதுவரை சும்மா இருப்பானேன் என்று, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் போட்டு, அவளை முக்காலியில் உட்காரவைத்து, குவளை குவளையாகத் தலையில் ஊற்றித் தேய்த்துவிட்டேன். பழைய உன் அக்காவாக இருந்தால் குவளையைப் பிடுங்கி என் மண்டையில் போட்டிருப்பாள். இவள் ஏன் என்றுகூடக் கேட்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு தோள் குலுங்க அழுதாள்.

வேகவைத்துவிட்டேனோ என்று பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "ஐயா, நீங்க ஊத்துற தண்ணி மண்டைக்குள்ள போகாது. நாள்பட்ட பாலாடைக்கட்டி, ஊறவச்சுப் புளிச்ச பண்டம், இதெல்லாம் இந்த மாத்திரையோட ஆகாது. அதை மட்டும் கவனமா பாருங்க" என்றார். உடனே குளிர்பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தேன். இப்போது வீட்டில் நாள்பட்ட பண்டம் என்று நான் ஒருவன்தான் பாக்கி.

பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. எத்தனையோ பேர் துணியில் எது கறை எது சாயம் என்று பார்த்தவுடன் சொன்னவனுக்கு, பெண்டாட்டிக்கு எது போயிற்று என்று தெரியவில்லை. இந்த மாத்திரையும் பலிக்காமல் போனால் இவள் இப்படியேதானோ. இதைப் படித்ததும் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாய், உன்னைத் தெரியும். வராதே. உன்னைப் பார்த்தும் அவள் 'ம்' என்று மட்டும் சொன்னால் நீ தாங்கமாட்டாய், அதை நின்று பார்க்க எனக்கும் தெம்பில்லை. நான் எழுதியதும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன் பிள்ளைகள் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சண்டை போட்டு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சத்தமாகச் சிரித்துக்கொண்டு நீண்டகாலம் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறை தேடிவிட்டுத் திரும்பினால், உன் அக்கா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். முழுக்கப் படித்துவிட்டாள். "சூட்டுக்கு அழலைங்க. என்னைத் தொட்டு ஒருத்தர் தலை தேய்ச்சுவிட்டு எவ்வளவு நாளாச்சுன்னு அழுதேன்" என்றாள். பிறகு 'வராதே' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதை அடிச்சிருங்க. தம்பி வரட்டும்" என்றாள். அவளைப் பேசவைத்தது மருந்தா வெந்நீரா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். சீக்கிரம் வா.