நெவில் ஓடாத ஓட்டம்

இங்கிலாந்தின் அந்த யார்க்ஷயர் ஊரில் நெவிலைத் தெரியாதவர் கிடையாது. கூரைக் குழாயில் அடைத்த இலைகளை எடுக்க ஏறியவர், இலைகளுக்கு முன்னால் தரைக்கு வந்து சேர்ந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஊர் நன்கொடையில் பறக்கும் மீட்பு ஹெலிகாப்டர் வந்து அள்ளிக்கொண்டு போயிராவிட்டால் ஆளே இல்லை.

கைத்தடியை விட்ட வாரமே ஊர் மதுக்கடையான பப்பில் மேசையைக் குத்தி அறிவித்தார். "அந்த ஹெலிகாப்டருக்காக ஒரு மாசம் தினமும் காலையில ஓடப்போறேன்! எல்லாரும் நன்கொடை தரணும்!"

ஊரே கைதட்டியது. மனைவி மேவிஸும் தட்டினாள், கொஞ்சம் மெதுவாக.

சில நாளிலேயே இடுப்பு சொல்லிவிட்டது, 'நீ ஓடு, நான் வரல' என்று. வழியில் நண்பர் ஹூபர்ட்டின் காய்கறித் தோட்டம்.

"கொட்டகைக்குள்ள வா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ," என்றார் ஹூபர்ட்.

சுடச்சுட டீ. பன்றிக்கறி சாண்ட்விச். நெவில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அப்புறம் அதுவே ஓட்டமாகிவிட்டது. வீடு திரும்புமுன் பூவாளித் தண்ணீரைச் சட்டையில் தெளித்துக்கொள்வார்.

"அடேயப்பா, எப்படி வேர்த்திருக்கு!" என்று வெந்நீர் வைப்பாள் மேவிஸ்.

தெருவில் பார்த்தவர்களெல்லாம் கைகொடுத்தார்கள். நெவிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. உயிர் கொடுத்தவர்களுக்கே நாமம் போடுகிறோமே!

கடைசி நாள். கடைசி ஓட்டத்தைப் பார்க்கக் கால்வாய்க்கரையில் ஊர் கூடிவிட்டது. ஹெலிகாப்டர் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தாள். நெவிலால் தாங்க முடியவில்லை. மேவிஸை ஓரமாக இழுத்தார்.

"மேவிஸ், நான் ஓடவே இல்ல. கொட்டகையில உட்கார்ந்து தின்னுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா!"

"ஹூபர்ட்டுக்கு முட்டை வேகவைக்கவே வராது. அந்த சாண்ட்விச்ச யார் செஞ்சு அனுப்பினதுன்னு நெனச்ச?"

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"ஓடினா இடுப்பு திரும்பப் போயிரும்னு டாக்டர் சொன்னார். 'ஓடாதே'ன்னு நான் சொல்லியிருந்தா?"

நெவில் யோசித்தார். மலையே ஏறியிருப்பார்.

"ஐயோ, அப்ப ஊர் தந்த நன்கொடை? ஏமாத்துன மாதிரி ஆயிருச்சே!"

"யார் ஏமாத்தினது? நீ டீ குடிச்ச நேரத்துல நான்தான் ஓடினேன். பப்புல முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லியாச்சு. உனக்குக் கைகொடுத்ததெல்லாம் சும்மா நடிப்பு."

மேவிஸ் கோட்டைக் கழற்றி நெவில் கையில் கொடுத்தாள். உள்ளே ஓட்டக்காரச் சட்டை. விசில் ஊதியதும் மான்மாதிரி பாய்ந்தாள்.

நெவில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அறக்கட்டளைப் பெண் சிரித்த முகமாக வந்தாள்.

"மேவிஸோட வீட்டுக்காரரா? நீங்க என்ன செய்யறீங்க?"

"கோட்டுப் பிடிக்கிறேன்," என்றார் நெவில்.