ஏழாவது லெவல் லிஃப்டில் மாட்டியிருந்த போர்டு

மிகுந்த அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் வாயாடி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் வலது கைக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, காரணம் கீழே வரும். அங்கே நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

நீங்கள் அனுப்பிய வீடியோ கேம் பெட்டி உடையாமல் வந்தது. உள்ளே இருந்த சீட்டையும் படித்தேன். ஏழாவது லெவல் நீங்களே கட்டியது, இன்னும் வெளியே விடவில்லை, நான் ஆடிப் பார்த்து நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், நன்றாக இருந்தால் மேனேஜரிடம் காட்டுவீர்கள், இப்படி ஆடிப் பார்த்துக் குறை எழுத உங்கள் கம்பெனியில் ஓர் ஆள் தேடுகிறார்கள், வீட்டிலிருந்தே செய்யலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரி இருந்த இடத்தில் தாள் தேய்ந்தே போய்விட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது படிப்பு வராமல் இல்லை சித்தப்பா. டீச்சர் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன், என் குரல் உட்கார்ந்தே இருக்கும். பிறகு துணிக்கடையில் சேர்ந்தேன். முதல் நாளே ஓர் அம்மா வந்து ‘இதுல நீலம் இருக்கா’ என்று கேட்டதும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். இதை அறிக்கையாகக் கொள்ளவும்.

விளையாட்டில் நான் நடத்தும் மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் தெருவைக் கடந்து, எதிரே இருக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போய்ச் சுவிட்சைப் போட வேண்டும், போட்டால் இருண்டு கிடக்கும் நகரம் முழுக்க விளக்கு எரியும். இது புரிந்தது. தெருவைக் கடக்க ஓடுகிற பஸ்ஸின் கூரை மேல் குதிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு மாமா டீ குடிக்க வந்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். “கூரை மேல ஏறுறது என்னம்மா பழக்கம்? ஸ்டாப்பிங்ல நில்லு, வண்டி நிக்கும்” என்றார். எதிர்த்துப் பேச எனக்கு எங்கே வரும், நின்றேன். நாற்பது நிமிடம் நின்றேன். ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. “இவன் எந்த டெப்போ?” என்று மாமாவுக்குக் கோபம் வந்து, கோபத்தில் டீ ஆறி, அதைச் சூடு பண்ண அவர் அடுப்படிக்குப் போன இடைவெளியில் நான் குதித்துக் கடந்துவிட்டேன்.

கட்டடத்துக்குள் போனால் எதிரே லிஃப்ட். அதில் ‘பழுது’ என்று ஒரு போர்டு, கொஞ்சம் கோணலாக. அதற்குள் அப்பா வேலை முடிந்து டூல் பையோடு வந்து பின்னால் நின்றுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் உள்ள விளையாட்டை அனுப்பலாமா சித்தப்பா, நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நான் போர்டைத் தொடப் போனேன். “கைய எடு” என்றார். “ஒருத்தன் மாட்டின போர்ட இன்னொருத்தன் தொடக் கூடாது. உள்ள குழியில ஆள் இருப்பான். மாட்டினவன்தான் வந்து கழட்டணும்.” “இது விளையாட்டுப்பா” என்றேன், அதுவும் மனதுக்குள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, மாட்டினவன் வருகிறானா என்று ஒரு மணி நேரம் பார்த்தார். வரவில்லை. படிக்கட்டும் இல்லை. “படிக்கட்டு இல்லாம பன்னெண்டு மாடி கட்ட எவன் அனுமதி குடுத்தான்?” என்று கேட்டார். நீங்கள்தான் கட்டினீர்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆகவே வெளிச்சுவர் வழியாக ஏறினோம். ஜன்னல் கம்பி, ஏசி பெட்டி, துணி காயும் கயிறு, தண்ணீர்க் குழாய். ஒன்பது நாள். நூற்றுப் பன்னிரண்டு முறை விழுந்தேன், ஒவ்வொரு முறையும் அப்பா “அடி பட்டுச்சா?” என்று கேட்டார். ஐந்தாம் மாடி ஏசி பெட்டியில் என்னால் முடியாமல் அப்பாவே கன்ட்ரோலரை வாங்கி, ஸ்பேனர் பிடிக்கிற பிடியில் அமுக்கியதில்தான் கட்டைவிரல் வீங்கியது. அம்மா மட்டும் இதில் சேரவில்லை. “மூணு பேரும் ஒரு பொண்ண சுவத்துல ஏத்துறீங்க, இங்க ஒரு தட்ட எடுத்து வைக்க ஆளில்ல” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கோணலாக இருந்த காலண்டரை நேராக்கிவிட்டுப் போனார்.

எட்டாவது மாடியில் குழாய் முடிந்துவிட்டது. வலது பக்கம் குதிக்க நினைத்து இடது பக்கம் குதித்தேன். விழவில்லை. காற்றில் நின்றேன். நடந்தும் பார்த்தேன், கட்டடத்தின் பின்பக்கம் வந்துவிட்டது. சித்தப்பா, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறீர்கள். அங்கே எந்தக் கட்டடத்துக்கும் முதுகு இல்லை. வானம் கத்தரித்த துணி மாதிரி ஓரிடத்தில் முடிகிறது. ஒரு நாய்க்கு முன்பாதி மட்டும் இருக்கிறது, வால் நாலடி தள்ளித் தனியாக ஆடுகிறது. முகமே இல்லாத ஏழு பேர் கைகளை விரித்தபடி நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை, இரண்டு நாள் அங்கேயே சுற்றினேன். போன வழி மறக்காமலிருக்க அப்பாவின் சர்வீஸ் தாளின் பின்னால் படம் வரைந்து இணைத்திருக்கிறேன். அந்தப் பக்கமாகவே ஏறி, மொட்டைமாடித் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து சுவிட்சைப் போட்டேன். நகரம் முழுக்க விளக்கு. அப்பா என் தலையைத் தடவினார். மாமா எழுந்து நின்றார். தெருவில் பஸ் நின்றது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை என்று எழுத வேண்டுமானால் ஒன்றுதான். லிஃப்டைச் சரி செய்யவும். மேனேஜருக்கு என் வணக்கம், சித்திக்கு என் அன்பு, வேலை கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் நான் ஒன்றும் பேச மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வாயாடி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். காலையில் டிவியைத் துடைக்க வந்த அம்மா, “இந்த போர்டு எத்தன நாளா கோணலா தொங்குது, யாருக்காவது கண்ணு இருக்கா?” என்று கன்ட்ரோலரை எடுத்து அதை நேராக்கப் பார்த்தார். போர்டு கழன்று விழுந்தது. அதன் பின்னால் பொத்தான் இருந்தது. லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது. நான்கு நொடியில் மொட்டைமாடி. நான் செய்தது முழுக்கத் தப்பு, வேலையும் போச்சு என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா உங்களுக்குப் போன் போட்டு, “ஏன்டா, போர்டுக்குப் பின்னாடி பொத்தான் வைக்கிறவன் பில்டிங்குக்கு முதுகு வைக்க மாட்டியா?” என்று சண்டை பிடித்ததும், நீங்கள், “அண்ணே, அங்க யாரும் போகவே முடியாதே, அது இன்னும் கட்டாத இடம்” என்றதும், மேனேஜரிடம் போனைக் கொடுத்ததும் உங்களுக்கே தெரியும். பிறகு நடந்தது தெரியாது, நீங்கள் மீட்டிங்குக்குப் போய்விட்டீர்கள். அப்பா போனை என் காதில் வைத்தார். மேனேஜர் என்னிடம், “எங்க யாருக்கும் தெரியாத ஓட்டை அது, எந்த மாடியில குதிச்சீங்க?” என்று கேட்டார். எட்டாவது, இடது பக்கம் என்றேன். பிறகு நாயைச் சொன்னேன். வாலைச் சொன்னேன். ஆகவே மேலே எழுதிய எதையும் அவரிடம் காட்ட வேண்டாம், எல்லாம் வாயாலேயே சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன். அதைச் சொல்வதற்கே அவர், “நான் கொஞ்சம் பேசலாமாம்மா?” என்று இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று.